இல்லை என்று சொல்லாத நூலகர்

அவர் வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல் வந்து நான் கேட்டதே கிடையாது. நாகர்கோவிலில் நான் விலங்கியல் நடத்திய கல்லூரியின் நூலகர் அவர். புத்தகம் கேட்டால் தாறேன் என்பார். அன்றைய பேப்பரைக் கேட்டால் தாறேன் என்பார். பூட்டிக் கிடக்கும் அலமாரியின் சாவியைக் கேட்டாலும் தாறேன்தான். அதைச் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு கனிவு வரும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கேட்டவரின் முகத்தை ஆசையோடு பார்த்து, “தாறேன் மக்ளே, ஒனக்குத் தராம வேற யாருக்குத் தரப்போறேன்” என்பார். அதன் பிறகு நீங்கள் எத்தனை நாள் நடந்தாலும் அந்தப் பொருள் உங்கள் கைக்கு வராது.

அவர் இப்போது உயிரோடு இல்லை. இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்கு எழுந்து அவரை வள்ளல் என்றும் யார் மனசும் நோகாமல் நடந்தவர் என்றும் பேசினார்கள். நான் கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டிவிட்டேன். அன்று பேசாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இரணியலிலிருந்து காலை ரயிலில் வருவார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் படிய வாரிய முடி, கழுத்தைச் சுற்றிப் பவுடர் மணம். அவர் மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் உண்டு. முதல்வர் அறையில்கூட அப்படிப்பட்ட நாற்காலிகள் கிடையாது; மெத்தை வைத்துத் தைத்தவை, தம் சொந்தச் செலவில் செய்து போட்டவை. எதைக் கேட்டுப் போனாலும் முதலில் அதில் உட்கார வேண்டும். கேன்டீனிலிருந்து டீ வரும். அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது, தங்கச்சிக்கு வரன் அமைந்ததா, வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஊறியதா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பார். ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, அவருக்கு மனுஷர்களைப் பிடிக்கும், ஆனால் எதையோ கேட்டுவிட்டுக் காத்திருக்கிற மனுஷர்களை மட்டும்தான் பிடிக்கும்.

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தினமும் பேப்பர் படிக்க வருவார். பேப்பர் நூலகரின் முழங்கைக்கு அடியில் இருக்கும். அவர் அதைப் படிப்பதும் இல்லை. பெரியவர் கேட்டதும், “இன்னா தாறேன் சார், இரிங்க” என்பார். எங்கள் பக்கத்தில் இன்னா என்றால் இதோ. டீ வரும். பெரியவரின் கண் ஆபரேஷன் பற்றிப் பேச்சு ஓடும். பெரியவர் பதில் சொல்லிக்கொண்டே அந்த முழங்கையைப் பார்ப்பார். மதிய மணி அடிக்கும்போதும் பேப்பர் அங்கேதான் இருக்கும். கடைசியில் பெரியவர் வடசேரி பஸ் ஸ்டாண்டில் காசு கொடுத்து ஒரு பேப்பர் வாங்கிவந்து நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். இவர் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, “நான் தரமாட்டேன்னா சார் சொன்னேன்?” என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. பெரியவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் முதல் மீண்டும் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இது நூலகத்தோடு நிற்கவில்லை. மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கும் இதே கதைதான். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் கோழியும் மீனுமாக விருந்து போடுவார். சம்மதம் கேட்டால், “சொல்லுகேன், நல்ல காரியந்தானே, சொல்லுகேன்” என்பார். அவர்கள் மறுபடி வருவார்கள், மறுபடி விருந்து. இப்படியே நல்ல இடங்களெல்லாம் கை நழுவிப் போயின. கடைசியில் வந்த மாப்பிள்ளைக்கு அந்தப் பெண்ணே போன் போட்டு, அப்பாவுக்குச் சம்மதம், நீங்கள் தேதி குறியுங்கள் என்று சொல்லிவிட்டாள். கல்யாணம் முடிந்து பெங்களூருக்குப் போனாள். அந்த வீட்டில் மூளை உள்ள ஒரே ஆள் அவள்தான் என்று நான் துறையில் சொல்லிச் சிரித்தேன்.

இவ்வளவு சொன்னவள் அவருடைய பெரிய காரியத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். சுனாமிக்கு அடுத்த வருஷமோ அதற்கும் அடுத்த வருஷமோ, மாவட்டத்துக் கல்லூரி நூலகங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியவர் அவர்தான். அதுவரை விஞ்ஞான இதழ்கள் என்று எங்களுக்கு வந்தவை மிகச் சில. அவையும் கப்பலில் வந்து சேர்வதற்குள் பழசாகிவிடும். இணையத்தில் ஆயிரக்கணக்கான இதழ்கள் இருந்தன, ஆனால் ஒரு கல்லூரி தனியாகப் போய் நின்றால் பதிப்பகத்தார் சொல்லும் விலையைக் கேட்டுத் தலை சுற்றும். எல்லாக் கல்லூரிகளும் சேர்ந்து கேட்டால் விலை பாதாளத்துக்கு இறங்கும். இதை எங்கோ ஒரு பயிற்சி முகாமில் தெரிந்துகொண்டு வந்தவர், லீவு நாளெல்லாம் பஸ் ஏறி மார்த்தாண்டம் பக்கமும் கன்னியாகுமரி பக்கமும் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். நிர்வாகிகள் யாருக்கும் முதலில் விளங்கவில்லை. ஒரு கல்லூரியின் தாளாளரான பாதிரியாரிடம் இவர் விளக்கியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். “ஈஸ்டருக்கு நாலு வீடு சேந்து ஒரு ஆடு வாங்கிக் கூறு வைக்கமில்லியா ஃபாதர், அதே கணக்குதான். தனியா வாங்கினா ஆடு, சேந்து வாங்கினா கறி” என்றார். பாதிரியார் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வருஷம் அவரை நான் மனதாரக் கும்பிட்டிருக்கிறேன்.

ஆனால் ஆட்டை வெட்டிய பிறகு அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. கூட்டமைப்பின் அமைப்பாளர் அவரே. இதழ்களைப் படிக்க ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும், அதை உருவாக்கிக் கொடுக்கும் உரிமை அமைப்பாளருக்கு மட்டும் இருந்தது. ஆளுக்கு ஆள் இஷ்டத்துக்கு இறக்கிக் குவித்தால் பதிப்பகத்தார் ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிடுவார்கள், அதனால் எல்லாம் என் வழியாகவே போகட்டும் என்று முதல் கூட்டத்தில் சொன்னார். முதல்வர்கள் தலையாட்டினார்கள். மாவட்டம் முழுக்க விஞ்ஞானம் படிக்க நினைத்த அத்தனை பேரும் அந்த இரண்டு மெத்தை நாற்காலிகளுக்கு முன்னால் வந்து நிற்கும்படி ஆயிற்று.

அவர் கணினி பழுது என்றோ கரண்ட் இல்லை என்றோ ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டார். இயந்திரம் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். திரையை உங்கள் பக்கம் திருப்பி, நீங்கள் கேட்ட கட்டுரையின் தலைப்பைக் காட்டுவார். “இன்னா கெடக்கு பாத்தியா. எடுத்துத் தாறேன்” என்பார். திரை மறுபடி அவர் பக்கம் திரும்பிவிடும்.

ஜெசிந்தா என்னிடம் படித்த பெண். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர். அவள் அண்ணன் பாறைகளில் முங்கிச் சிப்பி எடுக்கிறவன். எம்.எஸ்சி. முடித்ததும் எங்கள் துறையிலேயே தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்து, பகுதி நேரமாகச் சிப்பியைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்தாள். கடலில் கயிறு கட்டி அதில் சிப்பிக் குஞ்சுகளை வளர்ப்பதுதான் விஷயம். அலை கூடுகிற மாதங்களில் பாதிக் குஞ்சுகள் கயிற்றிலிருந்து ஏன் உதிர்ந்துவிடுகின்றன என்பதுதான் அவள் கேள்வி. அதற்காக அண்ணனோடு கட்டுமரத்தில் போய், வாந்தி எடுத்துக்கொண்டே அளவு எடுத்தவள்.

ஆய்வேட்டை முடித்து அனுப்பினாள். இங்குள்ள தேர்வாளர் சரி என்றார். வெளிநாட்டுத் தேர்வாளர், சோதனை நன்றாக இருக்கிறது, ஆனால் சிப்பி பாறையைப் பற்றிக்கொள்ளும் விதம் குறித்து அண்மையில் மூன்று கட்டுரைகள் வந்திருக்கின்றன, அவற்றைப் படித்து உன் முடிவுகளை ஒப்பிட்டுக் கடைசி அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பு என்று எழுதியிருந்தார். பல்கலைக்கழகம் டிசம்பர் கடைசிவரை கெடு கொடுத்தது. ஏற்கெனவே ஒருமுறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டதால் இனி நீட்டிப்பு கிடையாது, தவறினால் பதிவே ரத்து. எங்கள் துறையில் ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. பட்டத்தோடு வந்தால் உனக்குத்தான் என்று நிர்வாகம் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. மூன்றே கட்டுரைகள். மூன்றும் எங்கள் கூட்டமைப்பு வாங்கிய இதழ்களில் இருந்தன.

ஜூன் மாதம் அவரிடம் போய்க் கேட்டாள். தாறேன் என்றார். டீ வந்தது. அவள் அண்ணனின் காதுவலி பற்றி விசாரித்தார். சாயங்கால வகுப்பு முடிந்ததும் தினமும் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவாள். எனக்குப் பொறுக்கவில்லை. முதல்வரிடம் போய்ச் சொன்னேன். முதல்வர் என் முன்னாலேயே போன் போட்டார். “அந்தப் பிள்ளைக்கா? இன்னா இப்பமே தாறேன் சார்” என்று அந்தப் பக்கம் பதில் வந்தது எனக்கே கேட்டது. முதல்வர் போனை வைத்துவிட்டு, “அதான் தாறேன்னு சொல்லுகாருல்லா, பொறவென்ன டீச்சர்?” என்றார். மறுக்கிற ஆளின் மேல் புகார் கொடுக்கலாம், சம்மதிக்கிற ஆளின் மேல் என்னவென்று கொடுப்பது?

ஜெசிந்தா சும்மா இருந்துவிடவில்லை. ரயிலேறித் திருவனந்தபுரம் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனாள். அங்கேயும் அச்சு இதழ்களை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றியிருந்தார்கள், வெளியாள் திறக்க முடியாது. உங்கள் கல்லூரிதான் கூட்டமைப்பில் இருக்கிறதே, உங்கள் மேஜையிலேயே கிடைக்குமே, இவ்வளவு தூரம் ஏன் வந்தாய் என்று கேட்டார்களாம். கட்டுரை எழுதியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் இல்லை. மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரி நூலகரிடம் கேட்டாள். அவரும் தமக்கே இன்னும் கடவுச்சொல் வரவில்லை, அமைப்பாளர் தாறேன் என்று சொல்லியிருக்கிறார் என்றார். வெளிநாட்டுப் பணத்தில் விலைக்கு வாங்க வழி உண்டு என்று யாரோ சொன்னார்கள். அதற்கான கார்டு எங்களில் யாரிடமும் கிடையாது. தேடிப் பிடித்திருந்தால் ஒருவேளை பிடித்திருக்கலாம். நாளைக்குக் கைக்கு வரப்போகிற பொருளுக்காக யார் அவ்வளவு தேடுவார்கள்?

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் அம்மாவும் இரணியலுக்கு அவர் வீடு தேடிப் போனார்கள். ஓடு நீக்கிய சிப்பி ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுபோனார்கள். அவர் வாசலுக்கே வந்து வரவேற்று, அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, “ஒங்க மோளுக்க காரியம் எனக்க காரியம்லா” என்று சொன்னார். திரும்பும்போது அவர் மனைவி தூக்குவாளியைக் கழுவி, முறுக்கும் மட்டி வாழைப்பழமுமாக நிறைத்துக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் கொண்டுவந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பினால் முகத்தில் அடித்ததாக அர்த்தம். நிறைத்துத் திருப்பினால் காரியத்தை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். கடற்கரையில் படகுச் சண்டைகளையும் கல்யாணப் பேச்சுகளையும் இப்படித்தான் தீர்த்துக்கொள்கிறார்கள். அந்த அம்மா பஸ்ஸிலேயே மகளிடம் சொல்லிவிட்டாள், பாத்திரம் நிறைந்து வந்துவிட்டது, இனி நீ போய்க் கேட்கக் கூடாது, கேட்டால் நாம் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று.

ஜெசிந்தா கேட்பதை நிறுத்திவிட்டாள். செப்டம்பர் போயிற்று, அக்டோபர் போயிற்று. நான் அவளைத் திட்டினேன். “அம்மா சத்தியம் வாங்கிட்டா மிஸ். அவரு செய்வாரு. வீட்டுல எம்புட்டு மரியாதையா நடத்தினாவ தெரியுமா?” என்றாள். முனைவர் பட்டத்தின் வாசல்வரை வந்த பெண், முறுக்கை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அதே ஊர்க்காற்றில் வளர்ந்தவள்தான், என் அம்மா சொல்லியிருந்தாலும் நானும் நம்பித்தான் இருப்பேன்.

அவள் கேட்பதை நிறுத்தியதும் அவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. என்னை வராந்தாவில் பார்த்தால், “ஜெசிந்தாவை இந்தப் பக்கமே காணல்லியே டீச்சர், எதுவும் கோவமா?” என்று கேட்பார். ஒருநாள் ஆள் அனுப்பி அவளை வரவழைத்தார். அவள் போய், ஒன்றும் கேட்காமல், சார் நல்லா இருக்கியளா என்று மட்டும் விசாரித்துவிட்டு எழுந்திருக்கிறாள். அவர் முகம் வாடிவிட்டது. “ஒனக்கு அந்தக் கட்டுரை வேணும்லா மக்ளே?” என்று அவரே பேச்சை எடுத்தார். அவள் ஆமாம் சார் என்றாள். தாறேன் என்றார், அப்போதுதான் முகம் தெளிந்தது. இதை அவள் என்னிடம் வந்து நல்ல செய்தியாகச் சொன்னாள்.

டிசம்பரில், கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தின நாள், கூட்டமைப்பின் ஆண்டு விழா எங்கள் கல்லூரி அரங்கத்தில் நடந்தது. அன்று காலை ஜெசிந்தா அம்மாவுக்குச் செய்த சத்தியத்தை மீறி அவரிடம் போனாள். இன்று கொடுத்தால் லீவிலேயே எழுதி அனுப்பிவிடுவேன், கெடு நெருங்கிவிட்டது என்று கையெடுத்துக் கேட்டாள். விழா முடியட்டும், கையோடு தாறேன் என்றார்.

மேடையில் மாவட்டத்துக் கல்லூரி முதல்வர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவருக்கு மாலை போட்டார்கள். அவர் நன்றாகப் பேசக்கூடியவர். பணக்காரக் கல்லூரிக்கும் ஏழைக் கல்லூரிக்கும் இனிமேல் வித்தியாசம் கிடையாது என்றார். விஞ்ஞானம் பூட்டிக் கிடந்த காலம் போய்விட்டது என்றார். பிறகு குரலைத் தழைத்துக்கொண்டு, “நம்ம கடற்கரைல ஒரு சிப்பி எடுக்கிறவருக்க வீட்டுப் பிள்ளை, இன்னைக்கு அமெரிக்காவுல உள்ளவன் படிக்கிற அதே கட்டுரையப் படிக்கா. அந்தப் பிள்ளை இங்கதான் இருக்கா. எந்திரி மக்ளே, எல்லாரும் பாக்கட்டு” என்று என் பக்கத்தில் இருந்த ஜெசிந்தாவைக் கைகாட்டினார்.

அரங்கம் முழுக்கக் கை தட்டியது. அவள் எழுந்து நின்றாள். வேறு என்ன செய்வாள்? நான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன், சொல்லு, இந்த நிமிஷமே எல்லோர் முன்னாலும் சொல்லு என்று பல்லுக்குள்ளேயே முணுமுணுத்தேன். அவள் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். சொன்னால் கோபித்துக்கொண்டு தராமல் போய்விடுவார் மிஸ் என்று காதில் சொன்னாள். விழா முடிந்ததும் அவர் சிறப்பு விருந்தினரின் காரில் ஏறினார். கண்ணாடியை இறக்கி, நாளைக்குத் தாறேன் என்றார். மறுநாள் லீவு. அவர் குடும்பத்தோடு பெங்களூருக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது புது வருஷம் பிறந்திருந்தது.

இணையத்தில் யாரும் பார்க்கும்படி கிடந்த சுருக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஜெசிந்தா அத்தியாயத்தைத் திருத்திக் கெடுவுக்குள் அனுப்பினாள். கட்டுரைகளைப் படித்ததாகத் தெரியவில்லை என்று எழுதித் தேர்வாளர் நிராகரித்துவிட்டார். பதிவு ரத்தானது. துறையின் நிரந்தர இடத்துக்கு வேறொருவர் வந்தார். அந்தச் செய்தி வந்த அன்று அவள் ஆய்வகத்தின் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். “வெளிநாட்டு வாத்தியான் தோக்கடிச்சுட்டான்னு சொல்லிட்டேன். அம்மைக்குத் தெரியப்பிடாது மிஸ். கேக்காதேன்னு சொன்னது அவதானே. தெரிஞ்சா நெஞ்சு பொட்டிச் செத்துருவா” என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், ஆத்திரத்தில்.

அதன் பிறகு கூட்டமைப்பு அதிக நாள் நிற்கவில்லை. பதிப்பகத்தின் ஆள் ஒருவர் வந்து, இவ்வளவு இதழ்களைத் திறந்து வைத்தும் மாவட்டத்தில் யாருமே படிக்கவில்லையே, ஏன் என்று வியப்போடு கேட்டார். அவருக்கும் டீ வந்தது. ஒவ்வொரு கல்லூரியாகக் கழன்றுகொண்டது. கொஞ்ச காலத்தில் அரசாங்கமே நாட்டிலுள்ள கல்லூரிகளையெல்லாம் ஒரே கூட்டாகச் சேர்த்து, ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லை நேரே மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டது. மெத்தை நாற்காலிகள் இரண்டும் காலியாகக் கிடந்தன. நூலகத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பார், உள்ளே வாங்க டீச்சர், டீ சொல்லட்டா என்பார். நான் நின்றதில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் கடைசிச் சந்தோஷம் அவருக்குத்தான் கிடைத்தது. ஜெசிந்தாவுக்குக் குவைத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்தது. மாதா கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் வரவேற்பு. பரிசுப் பொருள்களை வாங்கி வைப்பதற்காக நான் மேடையில் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தப் பக்கம் அவள் அம்மா. நல்ல கூட்டம், வரிசை மண்டப வாசல்வரை நின்றது. வெள்ளைச் சட்டையும் பவுடர் மணமுமாக அவர் ஏறி வந்தார். பளபளக்கும் தாள் சுற்றி ரிப்பன் கட்டிய பரிசை அவள் கையில் கொடுத்து, இப்போதே பிரித்துப் பார்க்கச் சொன்னார்.

அவள் பிரித்தாள். மூன்று கட்டுரைகள். சுத்தமாக அச்செடுத்து, ஒன்றாகக் கோத்து, மேலே கண்ணாடித் தாள் போட்டு, பார்க்க அழகாக இருந்தது. அவர் தலையைச் சாய்த்து அவள் முகத்தைப் பார்த்தார். “தாறேன்னு சொன்னேம்லா மக்ளே” என்றார்.

ஜெசிந்தா இரண்டு பக்கங்களைப் புரட்டினாள். “சார், இது எப்பம் எடுத்தது?”

“நீ கேட்ட அன்னைக்கே எடுத்துட்டேன். பத்திரமா வச்சிருந்தேன்” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு குற்றமும் இல்லை, பெருமைதான் இருந்தது. அந்த நிமிஷம் அவரை மேடையிலிருந்து கீழே தள்ளிவிட என் கை துடித்தது.

அவள் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அது என்ன தாள் என்றும் தெரியாது. ஆனால் கேட்ட அன்றைக்கே எடுத்துவிட்டார் என்பது காதில் விழுந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரை இரண்டு கையாலும் கும்பிட்டாள். “கேட்டியா மோளே, அன்னைக்கே எடுத்து வச்சிருக்காவ. செய்வாவன்னு நான் சொன்னேன்லா?” என்றாள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

ஜெசிந்தா அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். “ஆமாம்மா, நீ சொன்னதான்” என்றாள். அவர் பக்கம் திரும்பி நன்றி சார் என்று சிரித்தாள். மாப்பிள்ளையும் என்ன ஏது என்று தெரியாமல் கும்பிட்டார். போட்டோக்காரர் எடுத்து முடித்தார். அவர் இறங்கவில்லை. நன்றி சொன்ன அந்த முகத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்றார். மொய்க் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் வரிசை காத்துக்கொண்டு நின்றது.